நான் செய்த ஸ்டாண்டின் முன்கால்

அன்புள்ள அண்ணனுக்கு,

சட்டையை மூன்றாவது முறையாக அலசிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வாடை போகவில்லை. கருகிய வெடிமருந்தும் கில்ன் தூசியும் கலந்த வாடை. சோப்பைக் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்தேன், எலுமிச்சை போட்டுப் பார்த்தேன். கொடியில் தொங்கவிட்டதை மறுபடி இறக்கி முகர்ந்து பார்க்கிறேன், மறுபடி வாளியில் போடுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை, லீவு. ரூமில் மற்ற மூன்று பேரும் மீன் வாங்க ராஸ் அல் கைமா டவுனுக்குப் போயிருக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், வரவில்லை என்றேன். இருந்து என்ன செய்கிறேன்? வாளிக்கும் கொடிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். உங்களுக்கு எழுதிவிட்டால் ஒரு இடத்தில் உட்கார முடியுமோ என்று ஒரு நப்பாசை.

நேற்று கில்னில் மறுபடி வளையம் கட்டிவிட்டது. முப்பது தோட்டாவுக்கு மேல் செலவானது. காலையில் மகள் போனில் பேசும்போது சட்டை துவைக்கும் கதையைச் சொன்னேன். சிமெண்டு ஃபேக்டரியில் துப்பாக்கிக்கு என்னப்பா வேலை என்று கேட்டாள். பொறியியல் படிக்கிறவள், அவளுக்கே தெரியவில்லை. கில்ன் என்றால் சூளைதான், படுக்கவைத்த பெரிய இரும்புக் குழாய் மாதிரி இருக்கும், உள்பக்கம் முழுக்கச் செங்கல் பதித்திருக்கும், தீயோடு சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குள் சுண்ணாம்புக்கல் உருகி ஒட்டி மோதிரம் மாதிரி ஒரு வளையமாகத் தடித்துவிட்டால் வழி அடைத்துக்கொள்ளும் என்றேன். கில்னை நிறுத்தி ஆறவைத்து ஆள் இறங்கி உடைத்தால் ஒரு வாரம் போய்விடும். அதனால் தீ எரியும்போதே முன்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, அதற்கென்றே உள்ள பெரிய துப்பாக்கியால் வளையத்தைச் சுட்டு உடைப்போம் என்றேன். யார் சுடுவார்கள் என்று கேட்டாள். இப்போது ஒரு பட்டாணி பாய் சுடுகிறார், முன்னால் அரியலூர்க்காரர் ஒருவர் இருந்தார் என்றேன். டவர் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

பதினோரு வருஷம் நீங்கள் சுட்டீர்கள். அந்தத் துப்பாக்கி செக்யூரிட்டி ரூமில் இரண்டு பூட்டுக்குள் இருக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போலீசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கில்ன் வாய்க்கு எதிரே இருக்கும் பர்னர் மாடிக்கு ஏறும்போது முன்னால் ஒரு செக்யூரிட்டி, பின்னால் ஒரு செக்யூரிட்டி. மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது, வழி விடுங்கள் என்று நான் சத்தம் போடுவேன். நீங்களும் சளைக்காமல், நாதஸ்வரத்தை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்பீர்கள். நீலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டில் துப்பாக்கியைப் பொருத்தி ஒரு தோட்டா போடுவீர்கள். உள்ளே தீயும் புகையுமாக ஒன்றும் தெரியாது. சத்தத்தை வைத்தே "பட்டுச்சு" என்பீர்கள். அல்லது "போச்சு" என்பீர்கள். அரை மணி கழித்து வளையத்தின் துண்டு உருண்டு வந்து விழும்போது எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

ஊரிலேயே சிமெண்டு ஃபேக்டரியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் நீங்கள். நான் சங்கரன்கோவில் பக்கம், வெல்டிங்கும் ஃபிட்டிங்கும் கற்றுக்கொண்டு வந்தவன். எனக்கும் உங்களுக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். ஆனாலும் முதல் நாளே அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் என்னைப் பங்காளி என்றீர்கள். சொத்துத் தகராறு வராத ஒரே பங்காளி நான்தான் என்று மெஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லுவீர்கள்.

பழைய ஸ்டாண்டு விரிசல் விட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? வெளிநாட்டிலிருந்து புதிது வர இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான்தான் வாயைத் திறந்தேன். இதென்ன சார் பிரமாதம், மூன்று கால், ஒரு தண்டு, மேலே திருப்புவதற்கு ஒரு அச்சு, நம் வொர்க்‌ஷாப்பிலேயே அடித்துவிடலாம் என்றேன். நான்கு நாளில் செய்தேன். லேத்தில் தண்டைக் கடைந்து, சானல் வெட்டிக் கால் போட்டு, மஞ்சள் பெயிண்டும் அடித்து மேலே ஏற்றினேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இம்போர்டட் இல்லை, சங்கரன்கோவில் மேக் என்று பீற்றிக்கொண்டேன்.

மாடியில் இடம் குறைவு. பின்கால் இரண்டும் கான்கிரீட்டில் நின்றன. முன்காலுக்கு வரவேண்டிய இடத்தில் கேபிள் போகும் தட்டு குறுக்கே நின்றது. அதை நகர்த்த எலெக்ட்ரிக்கல் ஆட்களிடம் கெஞ்ச வேண்டும், பேப்பர் போட வேண்டும். அதனால் கில்ன் வாயை ஒட்டிக் கிடந்த இரும்புப் பிளேட்டிலேயே முன்காலை வெல்டு வைத்துவிட்டேன். நீங்கள் குனிந்து பார்த்து, ஒரு கால் மட்டும் இரும்பில் நிற்கிறதே என்று கேட்டீர்கள். அரை இஞ்சு பிளேட்டுண்ணே, யானையே நிற்கும் என்றேன். யானை நிற்கும்தான். யானை யாரையும் குறிபார்த்துச் சுடப்போவதில்லை.

முதல் தடவை நன்றாகத்தான் போனது. எட்டுத் தோட்டாவில் வளையத்தை உடைத்துவிட்டீர்கள். இரண்டாவது தடவை வளையம் கனமாக இருந்தது, நேரம் பிடித்தது. பத்துத் தோட்டா வரை "பட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பிறகு "போச்சு" என்றீர்கள். அடுத்ததும் போச்சு. அதன்பின் ஒன்றுமே சொல்லாமல் சுட்டீர்கள். உங்களை அப்படி நான் பார்த்ததே இல்லை. குண்டு மேலே ஏறிப் போகிறது, வளையத்தின் நடு ஓட்டை வழியாகத் தாண்டிவிடுகிறது என்று இறங்கி வந்து சொன்னீர்கள்.

அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் அந்தத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டோம். முதலில் தோட்டா மேல் சந்தேகம். பழைய பெட்டி, புதிய பெட்டி என்று பிரித்துச் சுட்டோம். இரண்டிலும் அதே கதை. அடுத்தது குழல். உள்ளே ஈயம் படிந்திருக்கும் என்று நீங்கள் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தீர்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. குண்டு மட்டும் மேலேயே போனது. பிறகு குறிபார்க்கும் முனை, திருப்பும் அச்சு, அது சுழலும் புஷ். புஷ் கொஞ்சம் லூசாக இருந்ததைப் பார்த்து, இதோ பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். புதிது கடைந்து போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் நம் இரண்டு பேரையும் குழப்பியது. கில்ன் ஏதோ காரணத்துக்காக நின்று ஆறிக் கிடந்த நாளில் அனுமதி வாங்கி உள்ளே ஒரு தகரத்தை நிறுத்திச் சுட்டுப் பார்த்தோம். ஐந்து தோட்டா. ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்தன. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. ஸ்டாண்டிலும் இல்லை. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தகரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். பிறகுதான் அதைச் சொன்னீர்கள்.

"இது ஆறிப்போயி கெடக்குறப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கும் பங்காளி. சூட்டுல வச்சுப் பாக்கணும்யா."

"சூட்டுல அங்கன போயி குந்தி அளக்கதுக்கு யாரால முடியும்ணே? முடி கருகிரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் எரிச்சல். நான் செய்த ஸ்டாண்டைச் சந்தேகப்படுகிறாரே என்று. சூட்டில் அங்கே நிற்க முடியாது என்பதும் பொய். நீங்கள் நின்றுகொண்டுதானே இருந்தீர்கள், ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்.

எழுந்துபோய்ச் சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்?

குண்டு மேலே போகிறது என்று தெரிந்ததும் நீங்கள் கீழே இறக்கிப் பிடித்துச் சுட ஆரம்பித்தீர்கள். புத்திசாலி செய்கிற வேலை அது. அப்படிச் சுட்டு வளையம் பாதி உடைந்திருந்தபோது டீ வந்தது. சின்னக் கதவைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தோம். திரும்பிப் போய் அதே இறக்கத்தில் பிடித்து மூன்று தோட்டா போட்டீர்கள். மூன்றும் வளையத்துக்கு இந்தப் பக்கமே செங்கலில் விழுந்தன. மறுநாள் அதே இடத்தில் செங்கல் பெயர்ந்து, கில்னின் வெளித்தகடு தணல் மாதிரி சிவந்துவிட்டது. ஒன்பது நாள் கில்ன் நின்றது.

விசாரணை வைத்தார்கள். லாக் புத்தகத்தில் உங்கள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது, இன்ன தோட்டா மேலே, இன்ன தோட்டா கீழே என்று. நேர்மையாக எழுதி வைத்ததே வினையாகிவிட்டது. கை நிதானமில்லை என்றார் மேனேஜர். கண் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ஐம்பத்து நாலு வயதில் எல்லாருக்கும் இருப்பதுபோல் உங்களுக்கும் படிக்கிற கண்ணாடியின் பவர் கொஞ்சம் கூடியிருந்தது. தூரப்பார்வைக்கு ஒன்றுமில்லை என்று அதே காகிதத்தில் இருந்ததை யாரும் படிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு ஸ்டாண்டு எப்படி என்று கேட்டார்கள். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். பர்ஃபெக்ட் சார், ஆறின கில்னில் ஐந்துக்கு ஐந்து விழுந்தது என்றேன். அந்த நேரத்தில் அதை நான் நம்பித்தான் சொன்னேன். இதை மட்டும் நீங்கள் நம்பவேண்டும், அண்ணே. அன்றைக்குச் சொன்னது பொய் இல்லை.

உங்களைப் பாக்கிங்குக்கு மாற்றினார்கள். சிமெண்டு மூட்டை லாரியில் ஏறுவதைப் பார்த்து எண்ணும் வேலை. விசா முடிய ஆறு மாதம் இருந்தது, புதுப்பிக்கமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் மாறிப்போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. மெஸ்ஸில் பால் பாக்கெட்டை என்னிடம் நீட்டித் தேதி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டீர்கள். ரோட்டைத் தாண்டும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வருகிற பஸ்ஸின் நம்பரை முன்பெல்லாம் என்னைவிட முதலில் படித்துச் சொல்லுகிறவர், கிட்டே வந்து நின்ற பிறகும் நம் பஸ்தானா என்று கேட்டீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு தடவை, சும்மா நடிக்காதீங்கண்ணே என்று கத்திவிட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. நடிக்கலை பங்காளி, நம்ப முடியலை என்றீர்கள். எதை நம்ப முடியவில்லை என்று நான் கேட்கவில்லை.

துப்பாக்கி அந்தப் பெஷாவர்க்காரரின் கைக்குப் போனது. எல்லாரும் பட்டாணி பாய் என்று கூப்பிடும் அந்த ஆளை உங்களுக்குத் தெரியும். மலை மாதிரி உடம்பு, வாய் திறந்து பேசமாட்டார். முதல் வாரமே அவருக்கும் குண்டு மேலே போயிற்று. ஆனால் அவர் உங்களை மாதிரித் தன்னைச் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. சுட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, கையுறையோடு முன்கால் பக்கத்துப் பிளேட்டைத் தொட்டுப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"பாய், ஆத்மி டீக் ஹை. யே லோஹா உட்தா ஹை."

ஆள் சரியாகத்தான் இருக்கிறான், இந்த இரும்புதான் எழும்புகிறது என்கிறார். அடுத்த தடவை கில்ன் கதவு திறந்தபோது மயிரிழை நகர்ந்தாலும் முள்ளில் காட்டும் டயல் கேஜை எடுத்துக்கொண்டு போனேன். ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கான்கிரீட்டில் அதன் அடியை நிறுத்தி, முனையை முன்காலில் தொடவைத்தேன். கதவைத் திறந்து கால் மணியில் முள் நகர ஆரம்பித்தது. கதவு வழியாக வரும் தணலில் பிளேட் சூடேறி மேலே வளைகிறது, முன்கால் அதோடு சேர்ந்து எழும்புகிறது. முக்கால் மணியில் நாலு மில்லிமீட்டர். வெறும் நாலு மில்லிமீட்டர்தான். அது இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் வளையத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கதவைச் சாத்தினேன். டீ குடிக்கும் நேரத்தில் முள் பழையபடி பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

மேலே போன உங்கள் தோட்டாவும், டீக்குப் பிறகு செங்கலில் விழுந்த மூன்று தோட்டாவும் அந்த ஒரு முள்ளில் இருந்தன. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பிளேட் எவ்வளவு எழும்பியதோ அவ்வளவு துல்லியமாக நீங்கள் கீழே இறக்கியிருந்தீர்கள். உங்கள் கண்ணும் கையும் என் டயல் கேஜுக்குச் சமமாக இருந்திருக்கின்றன.

அப்போதே மாடியிலிருந்து இறங்கி பாக்கிங்குக்கு ஓடி வந்திருக்க வேண்டும். முந்நூறு அடி இருக்குமா? லாரிகளுக்கு நடுவில் நீங்கள் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பது மாடியிலிருந்தே தெரியும். வந்தேனா? வரவில்லை. அந்த மாதம் ஃபோர்மேன் இடம் காலியாகியிருந்தது. என் பெயரை மேனேஜர் மேலே எழுதி அனுப்பியிருந்தார். ஒன்பது நாள் கில்ன் நின்றதற்குக் காரணம் நான் வைத்த வெல்டு என்று நானே போய்ச் சொல்வதா? நாளைக்குச் சொல்லலாம், ஃபோர்மேன் ஆர்டர் வந்தபின் சொல்லலாம் என்று மென்று விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து முன்காலை அறுத்தேன். எலெக்ட்ரிக்கல் ஆளின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அந்தக் கேபிள் தட்டை நகர்த்தவைத்து, காலைக் கான்கிரீட்டில் இறக்கினேன். மஞ்சள் பெயிண்டும் அடித்தேன். சர்வீஸ் செய்தேன் என்று பட்டாணி பாயிடம் சொன்னேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அச்சா என்று மட்டும் சொன்னார். அடுத்த வளையத்தை ஒன்பது தோட்டாவில் உடைத்தார். மேனேஜர் மாடிக்கே வந்து அவருக்குக் கை கொடுத்தார். திரும்பி என்னிடம், பார்த்தாயா, எல்லாம் அந்த ஆளின் கண் கோளாறுதான் என்றார். நான் தலையாட்டினேன், அண்ணே. வாயால்கூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

ஷார்ஜா ஏர்போர்ட்டுக்கு உங்களைக் கொண்டுவந்து விட்டது நான்தான். திருச்சி விமானத்துக்கு எந்தக் கேட் என்று போர்டைப் படிக்கச் சொன்னீர்கள். படித்துச் சொன்னேன். ஃபோர்மேன் ஆனதற்கு டிரீட் வைக்காமல் என்னை அனுப்புகிறாயே என்று கிண்டல் செய்தீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பின்னால் நின்ற ஆள் உங்கள் டிராலியை இடித்தான், நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள்.

ஊருக்குப் போன பிறகு பேசும்போதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. பைக் ஓட்டுவதை விட்டுவிட்டேன் என்றீர்கள். சாவியை மகன் வாங்கி வைத்துக்கொண்டான், அதுவும் நல்லதுதான் என்றீர்கள். பொழுது சாய்ந்தால் வெளியில் போவதில்லை என்றீர்கள். திருச்சியில் பெரிய கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்களாம், ஒன்றும் இல்லை, ஆபரேஷன்கூட இப்போது தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அப்புறம் என்னண்ணே பயம் என்று கேட்டேன்.

"டாக்டருக்கு என்னய்யா தெரியும். செங்கல்ல அடிச்சது நானு. எனக்குல்ல தெரியும்."

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இந்த மனுஷன் இல்லாத குருட்டை வைத்துக்கொண்டு வாழ்கிறார், அதை அவர் கண்ணில் கட்டியவன் நான். லீவு எழுதிக் கொடுத்தேன். ஊருக்கு வந்த மூன்றாம் நாள், வீட்டில் திருச்சியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாக்கியத்தை அடுக்கிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார். வாய் முணுமுணுத்திருக்கும்.

அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார்கள். நான் குடிக்காமலே ஆரம்பித்துவிட்டேன். பிளேட், முன்கால், நாலு மில்லிமீட்டர், டீ நேரத்தில் பூஜ்யம். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். நீங்கள் காகிதத்தைக் கையில் வாங்கினீர்கள். தள்ளிப் பிடித்துப் பார்த்தீர்கள், கிட்டே பிடித்துப் பார்த்தீர்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"எப்ப பங்காளி கண்டுபுடிச்ச?"

அடுக்கி வைத்திருந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. வாசற்படியில் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் மகன் ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான், ஒரு சொல்கூடத் தப்பக்கூடாது என்பது போல.

"போன மாசந்தாண்ணே" என்றேன். "தெரிஞ்சதும் லீவு போட்டுட்டு வந்துட்டேன்."

நீங்கள் எழுந்தீர்கள். மகனிடம் கையை நீட்டினீர்கள். அவன் உள்ளே போய் பைக் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நீங்கள் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, சுண்ணாம்புச் சுரங்கத்துக்குப் போகும் லாரிகளுக்கு நடுவில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே வருகிற லாரியின் நம்பரை அது புள்ளியாகத் தெரியும்போதே உரக்கப் படித்தீர்கள். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. டீக்கடையில் நிறுத்தினீர்கள், மரக்கடையில் நிறுத்தினீர்கள், உங்கள் தம்பி வீட்டில் நிறுத்தினீர்கள். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. என் கண்ணில் ஒன்றும் இல்லை, இரும்புதான் எழும்பியிருக்கிறது, இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல பங்காளி துபாயிலிருந்து வந்திருக்கிறான், தன் தப்பைத் தானே வந்து சொல்ல எவனுக்கு மனசு வரும் என்று என் தோளைத் தட்டினீர்கள். உங்கள் தம்பி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று மதியம் கோழி அடித்துச் சாப்பாடு. என் இலையில் நீங்களே பரிமாறினீர்கள். ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீரோடு இறக்கினேன்.

அதன்பிறகு ஒன்றரை வருஷம் இருந்தீர்கள். பைக்கில் போன இடமெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினீர்கள். போன கார்த்திகையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று மகன்தான் போன் செய்தான். நான் வரமுடியவில்லை. கில்ன் ஷட்டவுன். அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன். கேட்டிருந்தால் லீவு கிடைத்திருக்கும். உங்கள் வீட்டு வாசலில் போய் நிற்கத் தைரியம் இல்லை.

அண்ணி மாதம் ஒரு தடவையாவது பேசுகிறார்கள். போன வாரமும் பேசினார்கள். அவருக்குக் கடைசி காலத்தில் கண்ணைத் திருப்பிக் கொடுத்தது நீங்கள்தான் தம்பி, சாகிறவரை உங்கள் பேச்சுத்தான், உங்களை மாதிரி நாலு பேர் இருந்தால் போதும் என்று அவர் சொல்லாத நாள் இல்லை என்றார்கள். மகனுக்கு இங்கே ஏதாவது பார்க்கச் சொன்னார்கள், உங்கள் கையில் ஒப்படைத்தால் எனக்கு நிம்மதி என்றார்கள். சரி அண்ணி என்றேன். வேறு என்ன சொல்ல? நீங்கள் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். அடித்திருந்தாலும் வலி போயிருக்கும். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அண்ணியிடமா? அவர்களுக்கு மிச்சம் இருக்கும் ஒரு நல்ல நாளையும் பிடுங்கிக்கொள்வதா? அந்த நன்றியை வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். எனக்குச் சேரவேண்டியது இல்லை என்று தெரிந்தே வைத்திருக்கிறேன்.

அதனால் உங்களிடமே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பதில்.

போன மாதம் இல்லை, அண்ணே. முள் நகர்ந்ததை நான் பார்த்த அன்று நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள். அதற்குப் பிறகும் நாலு மாதம் இங்கேயே இருந்தீர்கள். தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினீர்கள். அத்தனை நாளும் எனக்குத் தெரியும்.